சொட்டாத இருதயம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஒரு பிளாஸ்டிக் இறக்கையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, செத்த கோழிக்குஞ்சைத் தூக்கி வருகிறவள் மாதிரி அடுப்படிக்கு வந்தாள். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவள். மிச்ச நேரத்தில் பொம்மை விமானங்களைப் பாகம் பாகமாக வாங்கி ஒட்டிக்கொண்டிருப்பாள். பெட்டியைப் பிரிக்கும்போதே இறக்கையில் ஒரு விரிசல். அதன் ஓரத்தில் மிளகு நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"திருப்பி அனுப்புனா வர ஒரு மாசம் ஆகும்மா. அடைக்க ஏதாவது வழி இருக்கா?"

"ஆப்பச்சோடாவை எடு. உடனே ஒட்டுற பசை வச்சிருப்பியே, அதையும் எடு. ஒரு தீப்பெட்டியும் கொண்டா" என்றேன்.

ஓட்டையில் சோடாவை அமுக்கி ஒரு சொட்டு பசை விட்டேன். லேசாகப் புகைந்து, எண்ணி மூன்று நொடியில் கல்லாகிவிட்டது. தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தால் மேட்டைத் தேய்த்து எடுத்தேன். மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "இதெல்லாம் எங்கம்மா படிச்ச?" என்று கேட்டாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே நான் எட்டயபுரத்துக்குப் போய்விட்டேன்.

எட்டயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில்தான் எனக்கு முதல் வேலை. பிரசவ லீவில் போன அறிவியல் டீச்சருக்குப் பதிலாகப் போனேன். அந்தம்மா திரும்பி வரவில்லை. மேலதிகாரி வந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனதும் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வதாகப் பேச்சு. கோவில்பட்டியில் வீட்டில் நானும் அம்மாவும்தான். என் வேலையை நம்பி அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. இருபது வருடம் குச்சி அடுக்கிய விரல்கள். இந்த வேலை போனால் அம்மா மறுபடியும் குச்சி அடுக்கப் போகவேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

வேலை நிலைக்குமா என்பது எமிலி டீச்சர் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் இருந்தது. அறிவியல் அறைக்கு அவர்தான் ராணி. அலமாரிச் சாவி அவர் இடுப்பில் கிடக்கும். அலமாரிக்குள் அண்ணாச்சி.

அண்ணாச்சி என்றால் பிள்ளைகள் வைத்த பெயர். ஆள் உயரத்தில் பாதி, பிளாஸ்டிக் மனுசன். கை கிடையாது, கால் கிடையாது. நெஞ்சு திறந்து கிடக்கும். உள்ளே நுரையீரல், இருதயம், ஈரல், குடல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டலாம். பாடம் முடிந்ததும் எமிலி டீச்சர் தன் கையால்தான் எல்லாவற்றையும் உள்ளே வைப்பார். "நுரையீரல் ரெண்டு, இருதயம் ஒண்ணு, ஈரல் ஒண்ணு..." என்று வாய்விட்டு எண்ணிவிட்டுத்தான் பூட்டுவார். வேறு யாரும் ஈரலைத் தொட்டால் போதும், முகம் கடுகடுவென்று ஆகிவிடும். அவர் இருக்கும்போது நான் அலமாரிப் பக்கமே போகமாட்டேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், எமிலி டீச்சருக்குச் சபையில் ஏதோ கூட்டம். "தூசி தட்டி வையுங்க" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கரிசல் தூசி தட்டினால் போகிற தூசியா? கழுவினேன். சரி, கழுவியதைத் துடைத்து வைத்திருக்கலாம். நம்ம பக்கத்து ஆட்கள் துடைப்போமா? வத்தலோ, உளுந்தோ, மெத்தையோ, எதுவாக இருந்தாலும் வெயிலில் போட்டால்தான் நமக்கு மனசு ஆறும். முற்றத்தில் சாக்கை விரித்து அண்ணாச்சியின் உள்ளுறுப்புகளை வரிசையாகக் காயப்போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

திரும்பி வந்தால் முற்றம் முழுக்க ஆடு. ஒரு கிடாய், குடலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு குட்டி இருதயத்தின் மேல் முன்னங்காலை ஊன்றி நின்றது.

ஆட்டுக்காரப் பேச்சியக்கா தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ டீச்சரம்மா! யாரு ஈரக்குலைய இப்பிடி உருவிப் போட்டிருக்கிய?"

"பிளாஸ்டிக்குக்கா."

"நல்லவேளை. என் உசுரு இப்பத்தான் வந்துச்சு" என்றாள். அவள் உயிர் வந்துவிட்டது, என் உயிர் போய்விட்டது. இருதயத்தில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை, அங்கிருந்து கீழே வரைக்கும் நீளமாக ஒரு விரிசல்.

மற்றதையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இருதயத்தைத் தூக்குச்சட்டியில் போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி "என்ன கொழம்புத்தா?" என்று கேட்டதற்கு "மொச்சை" என்று பொய் சொன்னேன்.

எங்கள் தெருவில் பிளாஸ்டிக் ஒட்டத் தெரியாத பொம்பளையே கிடையாது. குழாயில் தண்ணீர் எப்போதோ ஒருநாள் வருகிற ஊரில் குடம் ஒழுகினால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி. அம்மா இருதயத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த என்னிடம், "ஏட்டி, குடத்தை விடவா இது பெருசு? ஒடஞ்ச சிவப்புக் கப்பு எங்க?" என்றாள்.

முதலில் விரிசல் முடிகிற இடத்தில் காய்ச்சிய ஊசியால் ஒரு துளை போட்டோம். அது இல்லாவிட்டால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு கத்தியை ஸ்டவ்வில் காய்ச்சி, சிவப்புக் கப்பை உருக்கி ஓட்டையின் மேல் இழுகினோம். சில்லறைப் பள்ளங்களுக்குச் சோடாவும் பசையும். உப்புத்தாள் கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துத் தேய்த்தோம்.

அப்புறம்தான் அந்தக் கூத்து. குடம் ஒட்டினால் கடைசியில் என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். ஊற்றினோம். மேலே ஊற்றியது உள்ளே இறங்கிக் கீழே சொட்டியது.

"இங்கன ஒண்ணு இருக்கு, அடை."

அடைத்தேன்.

"பின்னாடி ஒண்ணு வட்டமா இருக்கு பாரு. அதையும் அடை."

அதையும் அடைத்தேன். சிரிக்காதீர்கள், விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் தண்ணீர் சொட்டினால் எந்தப் படிப்பு ஞாபகத்துக்கு வரும்? கடைசியில் ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "இனி ஆயுசுக்கும் ஒழுகாது" என்றாள்.

மறுநாள் காலையில் எமிலி டீச்சர் எண்ண ஆரம்பித்தார். "நுரையீரல் ரெண்டு. இருதயம் ஒண்ணு." வைத்தார். விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. அண்ணாச்சியின் நெஞ்சில் நீட்டிக்கொண்டிருக்கிற முளை நுழைவதற்காக இருந்த ஓட்டைதான், அம்மா காட்டிய அந்த வட்ட ஓட்டை. ரத்தக்குழாய் வாய்களையும் ஒன்று பாக்கியில்லாமல் அடைத்திருந்தோம்.

டீச்சர் இருதயத்தை மூக்கருகில் கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். அதிகாரி வர இன்னும் அரைமணி நேரம். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெயில், ஆடு, குடம், அம்மா. வேலை போனால் அம்மா திரும்பக் குச்சி அடுக்கப் போகணும் டீச்சர் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அவர் இருதயத்தைப் பெஞ்சில் வைத்தார். கதவைச் சாத்தினார். பிள்ளைகளின் காம்பஸ் ஒன்றை எடுத்து அதன் முனையை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார்.

"இது காயட்டும். நீ அந்த ஈரலை எடு. ரெண்டாத் திற."

திறந்தேன். உள்ளே, ஒடிந்த எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டின மாதிரி, ஒரு நீள விரிசலின் குறுக்கே தீக்குச்சிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. மருந்துத் தலையைக்கூடக் கிள்ளவில்லை. பசை பழுத்து மஞ்சளாகியிருந்தது.

"யாரு டீச்சர் இது?"

"நாந்தான். வேலைக்கு வந்த வருசமே கீழ போட்டுட்டேன். யாராச்சும் தொறந்து பாத்துருவாகளோன்னுதான் இத்தனை வருசமா நானே எண்ணி நானே வைக்குதேன். ஒரு ராத்திரியிலே ஒனக்கு இப்பிடி வேர்த்திருக்கே, எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?" என்றவர், காம்பஸை விளக்கில் திருப்பிக் காட்டிக்கொண்டே, "ஒங்கிட்ட சொன்னதுக்கப்புறம் நெஞ்சு லேசா இருக்குட்டி" என்றார். டீச்சர், டீச்சர் என்று அளந்து பேசுகிறவர் அம்மா மாதிரி 'ட்டி' போட்டு என்னைக் கூப்பிட்டது அன்றுதான்.

முளை ஓட்டையை இரண்டு பேருமாகத் துளைத்தோம். குழாய்களைத் திறக்க நேரமில்லை. அதிகாரி வந்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார், காபி குடித்தார், போனார். ஜீப் சத்தம் மறைந்ததும் எமிலி டீச்சர் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அடுத்த மாதம் எனக்கு உத்தரவு வந்தது. அம்மா அதன்பிறகு குச்சி அடுக்கப் போகவே இல்லை.

இப்போது அந்த அறையில் பெரிய திரை வைத்திருக்கிறார்கள். அதில் இருதயம் துடிக்கிறது, திறக்கிறது, மூடுகிறது. கீழே விழுவதும் இல்லை, உடைவதும் இல்லை. எந்த டீச்சரும் அதைத் தூக்குச்சட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. நல்லதுதான். அம்மா இல்லை, எமிலி டீச்சரும் இல்லை. இறக்கையின் விரிசலை ஒட்டுவதற்கு முன்னால் மகளிடம் மட்டும், "விமானத்துல விட்டுவைக்க வேண்டிய ஓட்டை எதுன்னு முதல்ல காட்டு" என்று கேட்டுக்கொண்டேன்.

டீச்சரைக் கடைசியாகப் பார்த்தது சாயர்புரத்தில், அவர் மகன் வீட்டில். கண் சரியாகத் தெரியாத காலம். என் குரலை வைத்துக் கண்டுபிடித்ததும் பக்கத்தில் இழுத்து, மருமகளுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி இருக்காரா?"

"இல்ல டீச்சர். பழைய சாமானெல்லாம் கழிச்சாக. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். பழைய பிளாஸ்டிக்குக்குப் பூண்டு குடுக்கிறவன் வருவான்லா, அவன் வண்டியில போயிட்டாரு."

"ஈரலு?"

"அதையும்தான். யாரும் தொறக்கல டீச்சர்."

"அப்பாடா" என்றார். வாய் கொள்ளாத சிரிப்பு.

பூண்டுக்காரன் பதிலுக்குக் கொடுத்திருந்த பையை அவர் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார். அண்ணாச்சியின் பூண்டு. ஒரு பல்லை எடுத்து, நிதானமாகத் தோலுரிக்க ஆரம்பித்தார்.