மில்லிமீட்டரின் மீசையும் வெள்ளைப் பளிங்கு மேடையும்

பெரிய மனிதர்களின் வரலாறு அவர்கள் பிறந்த நேரத்திலிருந்து தொடங்கும். மில்லிமீட்டரின் வரலாற்றைச் சமையல் மேடையிலிருந்து தொடங்குவதே நியாயம். அதற்கு முன் அவர் வாழ்க்கையில் நடந்தவை: பிறப்பு, படிப்பு, போல்ட் தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலை, கல்யாணம், மீசை. மீசையைத் தவிர மற்றவையெல்லாம் யாருக்கும் நடக்கக்கூடியவை.

அளவு ஒரு நூல் பிசகினாலும் போல்ட்டைத் தூக்கி எறிந்துவிடுவார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். எறிவது கைதான் என்றாலும் முடிவெடுப்பது மீசை என்றே தொழிற்சாலையில் நம்பினார்கள். அதற்குத் தனி எண்ணெய், தனிச் சீப்பு, தனிக் கண்ணாடி. அவர் மனைவியிடம்கூடத் தனிக் கண்ணாடி கிடையாது.

வீட்டைப் புதுப்பித்தபோது கல் கடைக்கு மனைவியும் மச்சானும் உடன் வந்தார்கள். மச்சான், மனைவியின் அண்ணன். சின்ன ஓட்டல் நடத்துபவர். ஒரு கறுப்பு கிரானைட் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இதைப் போடுங்க மாப்ள. தக்காளி, எலுமிச்சை எது கொட்டினாலும் துடைச்சா போச்சு."

மில்லிமீட்டர் அதற்குள் ஒரு வெள்ளைப் பளிங்கிடம் மனதைப் பறிகொடுத்திருந்தார். அதில் அவர் மீசை தெரிந்தது.

"பளிங்கு வேண்டாம் மாப்ள. புளிப்பு பட்டா கல்லையே தின்னுடும்."

"திங்கறதுக்கு எலுமிச்சம்பழத்துக்கு என்ன பல்லா முளைச்சிருக்கு?"

"சீலர் அடிச்சுத் தரோம் சார், எண்ணெய் உள்ள இறங்காது" என்று கடைக்காரர் உரக்கச் சொன்னார். "புளிப்புக்கு அது கேட்காது" என்று மெதுவாகச் சொன்னார். உண்மையை அவர் எப்போதும் அந்தக் குரலில்தான் சொல்வார்.

மனைவி கறுப்புக் கல்லில் கை வைத்தபடி, "சமைக்கிறது நான்" என்றாள். இது விஷயத்தோடு தொடர்புள்ள தகவல் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஒரு வருஷம் கழிச்சு வந்து பாருங்க மச்சான். கல்லுல ஒரு தழும்பு இருந்தா இந்த மீசையை எடுத்துடறேன்."

பளிங்கு மேடை வந்த நாள் முதல் அந்த வீட்டில் சட்டத்தின் ஆட்சி. எலுமிச்சையைப் பின்கட்டுக் குழாயடியில் நறுக்க வேண்டும். தக்காளிக்கு மடியில் தட்டு. மேடையைச் சோப்புத் துளி கலந்த தண்ணீரில் மெல்லிய துணி நனைத்துத் துடைக்கலாம், அவ்வளவுதான்.

"உங்க கல்லுக்குத் தனியா ஒரு வீடு பார்த்துடலாம்" என்றாள் மனைவி. "நாம இங்க சமைச்சுச் சாப்பிடலாம்."

சொல்லிக்கொண்டே தினமும் பதமாகத் துடைத்தாள். வருஷம் முடிந்தது. ஒரு கீறல் இல்லை.

மச்சான் வரும் ஞாயிற்றுக்கிழமை, மனைவி கடைக்குப் போன நேரத்தில், மில்லிமீட்டருக்குக் கல் கொஞ்சம் சோகமாக இருப்பதாகப் பட்டது. பக்கத்தில் பித்தளைக் குழாய் ஜொலித்தது. வாராவாரம் அதை வினிகர் ஊற்றித் தேய்ப்பவர் அவர்தான். குழாய்க்கு நல்லது கல்லுக்கும் நல்லதுதானே? எலுமிச்சையையும் தக்காளியையும் மட்டுமே அவர் எதிரிகளாக அறிந்திருந்தார். வினிகரோடு நண்பராகவே பழகியிருந்தார். தாராளமாக ஊற்றி, நன்றாக ஊறட்டும் என்று விட்டுவிட்டு மீசைக்கு எண்ணெய் போடப் போனார்.

திரும்பி வந்து துடைத்தால், கல்லில் சின்னத் தட்டு அளவுக்கு ஓர் இடத்தில் பளபளப்பே இல்லை. துணியால் தேய்த்தார். எண்ணெய் தடவினார். ஊதியும் பார்த்தார்.

வாசலில் மச்சானின் செருப்புச் சத்தம் கேட்டபோது மில்லிமீட்டர் அந்த இடத்தின் மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார். மனைவியும் கூடவே வந்தாள்.

"உட்காருங்க மாப்ள."

"நின்னா முதுகுக்கு நல்லதாம் மச்சான்."

மனைவி மூக்கைச் சுளித்து வாசம் பிடித்தாள். வினிகர் பாட்டிலைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், கடைசியாக மீசையைப் பார்த்தாள். மீசை வியர்த்திருந்தது.

"கல் எப்படிம்மா இருக்கு?" என்றார் அண்ணன்.

"அதுக்கென்னண்ணா, தினமும் நான்தானே துடைக்கிறேன். ஒரு குறை கிடையாது. நீ உட்காரு, ஜூஸ் போடறேன்."

எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். பின்கட்டுக்குப் போகவில்லை. மேடையின் நடுவில் வைத்தாள்.

"இனிமே இங்கேயே நறுக்கிக்கோன்னு சொன்னீங்கல்ல?"

மில்லிமீட்டர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று சொல்லி அவளைத் தடுக்க, தழும்பை மறைத்த முழங்கையை எடுக்க வேண்டியிருந்தது.

"ஆமா, சொன்னேன்."

கத்தி இறங்கியது. சாறு வெள்ளைக் கல்லின் மேல் நிதானமாக ஓடியது.

"மாப்ள, கல்லு" என்று பதறியது மச்சான்தான்.

"ஓடட்டும் மச்சான். மனுஷங்க புழங்கத்தானே கல்லு" என்றார் மில்லிமீட்டர், அழுதுவிடாத குரலில்.

இப்போது அந்த மேடையில் எல்லாம் நறுக்கப்படுகிறது. தழும்புகள் பெருகியபின் பாலிஷ் போடுபவரை வரவழைத்து, கல் முழுவதையும் தேய்த்து மங்கலாக்கிவிட்டாள் மனைவி. மங்கலில் மங்கல் தெரியாது. அதில் மீசையும் தெரியாது.

ஆனால் மீசை இருக்கிறது, வினிகர் விஷயம் இன்னும் மச்சான் காதுக்குப் போகாததால். வீட்டில் ஏதாவது அபிப்பிராய பேதம் வந்தால் மனைவி குரலை உயர்த்துவதில்லை. வினிகர் பாட்டிலை எடுத்து மேடையில் வைக்கிறாள்.