இடைக்காலம் என்றால் எதுவரை?

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், ப்ளீஸ். அண்ணன் கண்ணில் பட்டால் என் போன் போய்விடும்.

எனக்குப் பதினாறு வயது. இந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம் செய்ய இருந்தார்கள். எங்கள் டீச்சர் கொடுத்த புகாரில், இன்று தஞ்சாவூர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா அதற்கு இடைக்காலத் தடை போட்டார்.

அப்பாவுக்கு இடைக்காலம் என்றால் குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் நடுவில் வருவதுதான். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "அப்ப தாளடி நட்டதும் வச்சுக்கலாமாங்கம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"இது வயல் கணக்கு இல்லீங்க. நான் மறு உத்தரவு போடுற வரைக்கும் தடை இருக்கும். மீறித் தாலி கட்டினா அந்தக் கல்யாணம் செல்லாது."

பிறகு என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"படிக்கணும்மா." அதையும் எழுதிக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா, "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்றார்.

பயம் போகவில்லை. ஆனால் யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டுவிட்டேன். இரண்டு கையிலும் கல்யாண மருதாணி சிவந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் மருதாணி வைக்கக் கூடாது. பி.டி. மிஸ் கேட்டால் என்ன சொல்வது? யாராவது ஒரு நல்ல பொய் சொல்லிக்கொடுங்க. கதவைத் தட்டுகிறார்க