நிழலுக்கு அடங்காத ஸ்பனர்

நோர்வேக்கு வந்த புதிதில் பனியைக் கண்டு நான் பயப்படவில்லை. பக்கத்து வீட்டு ஆர்னேயின் கராஜ் சுவரைக் கண்டுதான் வாயடைத்துப் போனேன். எழுபது வயது தாண்டிய மனிசன். சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பனருக்கும் சுத்தியலுக்கும் குறட்டுக்கும் அதனதன் நிழல் கறுப்புப் பெயின்ரால் கீறியிருக்கிறது. ஸ்பனரை எடுத்தால் நிழல் தனியே நின்று வழி பார்த்துக்கொண்டிருக்கும். திரும்ப மாட்டினால் மயிரளவும் பிசகாது. நாங்கள் சண்டைக்குப் பயந்து அடம்பனிலிருந்து வெள்ளாங்குளம், அங்கிருந்து இன்னும் அப்பால், பிறகு முகாம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடித் திரிந்த சனம். இங்கே ஒரு பதின்மூன்றாம் நம்பர் ஸ்பனருக்கு நிரந்தர விலாசம்!

அந்த விலாசத்தை நான் கெடுத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். என் மகள் வதனிக்கு, கடலைச் சுற்றிப் போகும் வழியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் நாள். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்கள். அந்த வழியில் முதல் பஸ்ஸே ஒன்பது மணிக்குத்தான். சனிக்கிழமை பார்த்துக் கார் கிளம்பமாட்டேன் என்றது. கார் திருத்துகிற கராஜ்காரன் இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னான். மருமகன் ரூபன் அன்றைக்கே புது ஸ்டார்ட்டர் மோட்டர் ஒன்றை வாங்கி வந்து, தானே மாற்றுவேன் என்று ஞாயிறு காலையில் காருக்குள் தலையை விட்டார். கீழ்ப் போல்ட்டு கழன்றது. மேல் போல்ட்டு எஞ்சினுக்கும் பின்தகட்டுக்கும் நடுவில், பிடிபடாத எலி மாதிரி ஒளிந்திருந்தது.

“மாமி, கை போகுது. ஸ்பனரும் போகுது. ரண்டும் சேந்து போகுதில்லை. போனாலும் திருப்ப இடமில்லை.”

“தம்பி, உங்கட கை பூசணிக்காய். அதுக்கு எஞ்சின் என்ன செய்யும்?”

ரூபன் போனில் ஒரு படம் காட்டினார். பிறைச் சந்திரன் மாதிரி வளைந்த ஸ்பனர். இப்படியான இடுக்குக்கென்றே செய்து விற்கிறார்களாம். “பிறகென்ன, வாங்குங்கோவன்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காதாம். ஒரு கடையும் திறக்காதாம். நான் நெஞ்சில் கை வைத்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் முருங்கனில் என்றால் கடை முதலாளியின் வீட்டுப் பின்கதவைத் தட்டி, நித்திரையால் எழுப்பி, சாமானையும் வாங்கி ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வரலாம். இங்கே ஞாயிறு வந்தால் நாடே தாழ்ப்பாள் போடுகிறது. ரூபன் ஆர்னேயிடம் போனார். அவரிடமும் எல்லாம் நேரானவைதான். பளபளவென்ற ஒன்றைக் கொடுத்தார். அதுவும் பின்தகட்டில் முட்டியது. வேறு யாரிடமாவது வளைந்தது இருக்குமா என்று ரூபன் சிநேகிதன் ஒருவனின் காரில் பக்கத்து ஊருக்குப் போனார். வதனி சோபாவில் இருந்து, புது வேலைச் சட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. முகாமிலிருந்து எங்களை அடம்பனில் கொண்டுவந்து விட்டபோது வீட்டுக்குக் கூரை இல்லை. ஆனால் என் மனிசனின் உழவு மிசின் மட்டும் பற்றைக்குள் குந்தியிருந்தது. அதைக் கண்டு மனிசன் அழுதார். கூரை போனதற்கு அழவில்லை என்று நான் கோபித்துக்கொண்டேன். மழைக்கு முன்னம் உழவேண்டும். திரும்பி வந்த எங்கள் ஒழுங்கை வீடுகள் எல்லாவற்றுக்குமாக மொத்தம் ஐந்து ஸ்பனர். அதனால் ஒரு வழக்கம் வந்தது. இரவல் வாங்கியவர் தன் மிசினின் இடுக்குக்கு ஏற்றபடி ஸ்பனரை நெருப்பில் காய்ச்சி வளைக்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது நிமிர்த்திக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். நான்தான் சிரட்டைக்கரியை ஊதிச் சிவக்க வைப்பேன். மனிசன் வளைப்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார்: “இஞ்ச வாரும், உம்மட எலிக்கையை விடும்.” கடைசிப் போல்ட்டு எப்போதும் என்னுடையது. மனிசன் போய்ச் சேர்ந்த பிறகுதான் வதனி என்னை இங்கே கூப்பிட்டாள். கை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

வீட்டுக்குள் விறகு அடுப்பு தணல் பிடித்திருந்தது. இது குளிர் காய, சமைக்க இல்லை. அதுவே எனக்கு ஒரு அதிர்ச்சி. ஆர்னேயின் ஸ்பனரை அந்தத் தணலுக்குள் செருகினேன். சிவந்ததும் குறட்டால் பிடித்து இழுத்து, வாசல் படிக்கல் இரண்டுக்கும் இடையில் விட்டு, ஒரு பைப்பால் நெம்பினேன். பிள்ளைத்தாச்சியின் வயிறு போல அழகாக வளைந்தது. ஆறினதும் காருக்குள் கையை விட்டேன். ஒரு துளி திருப்பல், எடுத்துத் திரும்ப மாட்டல், இன்னும் ஒரு துளி. விரல் தோல் உரிந்தது. போல்ட்டு என் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்த ரூபன் அதைப் பார்த்தார், ஸ்பனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மாமி!” என்றுவிட்டுப் புது மோட்டரைத் தூக்கினார்.

புது மோட்டர் ஏறியது. கார் ஒரே தடவையில் பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டு ஆர்னே சந்தோசமாகக் கை தட்டிக்கொண்டு வந்தார். நான் ஸ்பனரை நிமிர்த்த அடுப்புக்குக் கொண்டு போகிற நேரம்.

பளபளப்பெல்லாம் போய், கத்தரிக்காய் நிறத்தில் வளைந்து கிடந்ததை என் கையிலே கண்டார். “ஹேரெகுட்!” என்று அவர்களுடைய கடவுளைக் கூப்பிட்டார். வதனி வெளியே ஓடி வந்தாள்.

“அம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்!”

“ஏன் கத்திறாய்? நிமித்தித்தானே குடுக்கப் போறன்.”

“அது அவற்ற தகப்பன்ர ஸ்பனராம் அம்மா!”

அம்மாளாச்சியே, தகப்பன் விட்டுப்போன சாமானை நெருப்பில் போட்டுவிட்டேனே. பாசை இல்லாததால், கவலைப்படாதேங்கோ, இப்போதே சரிப்படுத்தித் தருவேன் என்று கையால் சுத்தியல் அடித்துக் காட்டினேன். இன்னும் அடிக்கப் போகிறேன் என்று நினைத்தாரோ, “நை, நை!” என்று அவர்கள் பாசையில் மறுத்து, ஸ்பனரைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை வதனி ஆறு மணிக்கே கார் ஏறினாள். பின்னேரம் அவள் வந்ததும், உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு இருவருமாக ஆர்னேயின் கராஜுக்குப் போனோம். பொலிசுக்குச் சொல்லியிருப்பாரோ என்றுகூட நான் யோசித்தேன். ஆர்னே வடையை வாங்கினார், அதன் ஓட்டைக்குள்ளால் ஒரு கண்ணை விட்டு என்னைப் பார்த்தார், கடித்தார், இன்னொன்று எடுத்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஸ்பனர் தன் பழைய ஆணியிலேயே தொங்கியது.

“நிமித்தித் தாறன் எண்டு சொல்லு, பிள்ளை.”

வதனி கேட்டுச் சொன்னாள்: “வேண்டாமாம். ஒருக்கா வளைஞ்சது. இனி நிமித்தினால் முறிஞ்சு போகுமாம்.”

“அப்ப அதுக்குப் புதுசா ஒரு நிழல் கீறச் சொல்லு.”

ஆர்னே அந்தக் கறுப்புக் கோட்டை விரலால் தடவினார். அந்தக் கோடுகள் தகப்பன் கீறியவையாம். அழிக்கவும் மனமில்லை, மேலே கீறவும் மனமில்லையாம்.

இன்றைக்கும் அது அப்படியேதான் தொங்குகிறது. கராஜ் கதவு திறந்திருந்தால் என் குசினி யன்னலால் தெரியும். தலை பழைய நிழலுக்குள்ளே அச்சாக இருக்கிறது. வயிறும் காலும் கோட்டுக்கு வெளியே, வெள்ளைப் பலகையில். கைப்பிடி இருந்த இடத்தில் நிழல் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.