பீச்சாங்கைக் கூடை

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் அவளை யாருக்கும் தெரியாது. பீச்சாங்கை என்றால்தான் தெரியும். சின்ன வயதில் அம்மா கரண்டியை வலது கைக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து ஓய்ந்துபோனாள். கல்யாணத்துக்குப் பிறகு கூடை பின்னக் கற்றுக்கொண்டதும் அதே இடது கையால்தான். பிரம்பு அந்தக் கை சொன்னபடி கேட்டது. அப்புறம் ஊரார் பேச்சை அவள் ஏன் கேட்கப் போகிறாள்?

கைவினைஞர் சங்கத்தில்தான் சிக்கல் வந்தது. சங்க முத்திரை குத்தாத கூடைக்குச் சங்கக் கடையில் இடம் கிடையாது. பேருந்து நிலைய வாசலில் வெயிலில் உட்கார்ந்து, "ஏம்மா, தங்கத்துலயா பின்னியிருக்கே?" என்று கேட்பவர்களோடு மல்லுக்கட்டி அவளுக்கு அலுத்துவிட்டது. ஆனால் சங்கம் இரண்டு முறை அவள் கூடையைத் தள்ளிவிட்டது. அடி சரி, வாய்க்கட்டு சரி, பிடி சரி. பின்னல் மட்டும் வலமிருந்து இடமாக ஓடுகிறதாம். மற்ற எல்லாருக்கும் இடமிருந்து வலம். மூன்றாவது முறையும் தள்ளினால் அதோடு சரி, மறுபடி மனுப் போட முடியாது.

லாரி ஓட்டும் கணவன் ஒரு வழி சொன்னான். "கூடைக்குள்ள கையை விட்டு உள்பக்கமா பின்னிடு. வெளிய இருந்து பார்த்தா அவங்க திசையிலதான் ஓடும்."

அவளுக்குத் தெரியாததா? அடுத்தவர் கூடையைப் பழுது பார்க்கும்போது அப்படித்தான் செய்வாள். "ஏன், ஆயுசு பூரா நான் கூடைக்குள்ள தலையை விட்டுக்கிட்டே குடும்பம் நடத்தணுமா?" என்றாள். அவன் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பிழைக்கத் தெரிந்தவன்.

மூன்றாவது முறையும் தன் திசையிலேயே பின்னிக் கொண்டுபோனாள். சங்கத்தின் தேர்வுக் குழுத் தலைவரும் கூடை பின்னுகிறவர்தான். நல்ல மனிதர். அவள் கூடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"வேலையில குறை சொல்லவே மாட்டேன்மா. ஆனா சங்கத்துல யார் கூடை பிஞ்சாலும் இன்னொருத்தர் சரிபண்ணித் தரணும். அதுக்குத்தான் எல்லாருக்கும் ஒரே திசை. நாளைக்கு உனக்கு முடியாம போச்சுன்னா உன் கூடையை யார் தொடுவா?"

கேள்வி நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அநியாயமாகக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மேசைமேல் கிடந்த கத்தியை எடுத்தாள். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பின்னிய கூடையின் நடு வயிற்றில் மூன்று பிரம்புகளை நறுக்கென்று அறுத்தாள்.

"நீங்கதான் தொடுவீங்க. தொடுங்க."

குழுவில் இருந்தவர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அவள் பையிலிருந்து புதுப் பிரம்பை எடுத்து நீட்டினாள். "அறுந்த இடம் தூரத்துப் பக்கம் வர்ற மாதிரி கூடையைத் திருப்புங்க. கையை உள்ள விட்டு, உங்க வழக்கப்படியே பின்னுங்க. தானா என் திசைக்கு வரும்."

தலைவர் தடுமாறினார். பிரம்பு ஒருமுறை எகிறி அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் சிரிக்கப் போய் முறைப்பு வாங்கிக்கொண்டார். வியர்த்து விறுவிறுத்து ஒருவழியாக ஓட்டையை அடைத்தார்.

"அட, வருதே!" என்று அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யாருப்பா அங்க, மைப்பெட்டியைத் திற." முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

இதற்காகத்தான் அவள் இத்தனை நாள் அலைந்தாள். ஆனாலும் கூடையைத் தன் பக்கம் இழுத்து, அவர் பின்னிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று.

"முத்திரை இருக்கட்டும் ஐயா. இந்த இடம் தொளதொளன்னு இருக்கு. இது தேறாது, அவிழ்த்துட்டு மறுபடி பின்னுங்க."

தலைவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முத்திரையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.