படுத்த யானையின் பின்னங்கால்

பம்பாய் செம்பூர் மைதானத்துப் பொருட்காட்சிக்கு நிஜ யானை அளவில் ஒரு யானை வேண்டும் என்று 1964இல் தனசீலனைத் தேடி வந்தார்கள். நாசரேத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர் அவர். டிராம்பேயில் ஓர் ஆலையில் பெயிண்டர் வேலை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு அவர் செய்யும் மாடுகள் மூச்சுவிடும் என்பார்கள்.

கண் தெரியாத பிள்ளைகளும் தடவிப் பார்ப்பதற்காக யானை படுத்திருக்க வேண்டும், ராணி பாக் மிருகக்காட்சி சாலைக்குப் போய் அளந்துகொண்டு வந்து செய்யுங்கள் என்றார்கள். தனசீலன் போகவில்லை. மிருகம் செய்ய எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு. காலண்டரில் நின்றுகொண்டிருந்த யானையைப் பார்த்தே மூங்கில் கட்டி, சாக்குச் சுற்றி, பிளாஸ்டர் பூசினார். கேட்டவர்களிடம் டேப் வைத்து அளந்தது என்றார்.

பொருட்காட்சியின் முதல் நாளே பார்வையற்றோர் பள்ளியிலிருந்து அறுபது பிள்ளைகள் வந்தார்கள். கூட்டி வந்த சைனப் டீச்சருக்கும் பார்வை கிடையாது. காயல்பட்டினத்துக்காரி. பின்னங்காலில் அவள் கை நின்றுவிட்டது. பிள்ளைகள் நகரும்வரை பொறுத்திருந்து, பக்கத்தில் நின்ற தனசீலனிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"அண்ணாச்சி, இது மாடு படுத்த மாதிரில்லா இருக்கு? சின்னதுல எங்க ஊர் தர்கா கந்தூரிக்கு வந்த ஆனையைத் தொட்டிருக்கேன். அது நம்மள மாதிரி முழங்காலை ஊணி, பாதத்தைப் பின்னால நீட்டியிருந்துச்சு. நீங்க அளந்தீயளா?"

"அளந்தேன் டீச்சர்."

"அப்ப எனக்குத்தான் மறந்துபோச்சு போல" என்றாள் அவள்.

அந்தச் சொல் தனசீலனைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராணி பாக் போனார். பாகன் சொன்னதும் யானை பின்னங்கால் முழங்காலை ஊன்றிப் படுத்தது. பாதங்கள் பின்னால் நீண்டிருந்தன. டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே கை கூசியது.

மறுநாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனார்.

"நான் அளக்கவே இல்ல டீச்சர். உங்ககிட்ட பொய் சொன்னேன். நீங்க சொன்னதுதான் சரி. காலை உடைச்சுத் திருப்பி வச்சிருதேன்."

அவள் வகுப்பறைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஏங்கிட்ட சொன்னாப் போதுமா? பிள்ளைக மனசுல அந்தக் கால்தானே இருக்கு."

வகுப்பில் நின்று தட்டுத்தடுமாறிய இந்தியில் தன் தப்பைச் சொன்னார். பிறகு தரையில் முழங்காலிட்டு, பாதங்களைப் பின்னால் நீட்டி, இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். பிள்ளைகள் வரிசையாக வந்து அவர் முழங்காலையும் குதிகாலையும் தடவினார்கள். தலை நிமிரவில்லை அவருக்கு.

குதிகாலைப் பிடித்திருந்த ஒரு சிறுமி கேட்டாள்: "அப்போ தும்பிக்கை? காது? அதெல்லாம் நிஜமா?"

"தெரியாதும்மா. படத்தைப் பார்த்துச் செஞ்சது" என்றார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.