முத்திரை குத்திய இரண்டு படிகள்

1956-ல் உத்திரமேரூர் தாண்டவராயன் கடையில் அளந்து வாங்கும் நாலு படி அரிசி, காவாந்தண்டலம் மார்த்தாள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மூன்றரைப் படியாகிவிடும். நடவுக் கூலியில் ஐந்து பேர் சாப்பிடும் வீடு. வாரக் கடைசியில் அடுப்பு எரியாது. கேட்டால், படியிலிருக்கும் சர்க்கார் முத்திரையைக் கடைக்காரர் தடவிக் காட்டுவார். ஆண்டுக்கொருமுறை முத்திரை குத்த வரும் இன்ஸ்பெக்டர் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவர் கடையிலேயே உட்கார்ந்து குத்துவார். கோழிக் குழம்புக்குப் பிறகு யாருக்குக் கண் திறக்கும்?

அந்த வருஷம் மார்த்தாள் தன் வீட்டுப் படியைத் தூக்கிக்கொண்டு முத்திரை குத்தும் வரிசையில் நின்றாள்.

"நீ இன்னா, கட வச்சிக்கினு கீறியா?" என்றார் தாண்டவராயன்.

"கட இல்ல. காசு கட்டுனா யாருக்கும் குத்துவாங்களாமே."

அவள் கோழி அடித்துப் போடாதவள் என்பதால், இன்ஸ்பெக்டர் அவள் படியை இரண்டு முறை சோதித்தார். இம்மி பிசகவில்லை, முத்திரை விழுந்தது. உடனே அவள் கடைப்படி நிறைய அரிசி வாங்கி, இன்ஸ்பெக்டர் எதிரிலேயே தன் படியில் கொட்டினாள். விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் காலியாக நின்றது.

"ரெண்டுலயும் உங்க முத்திரதான் கீது. எது சரி, சார்?"

தன் கையால் குத்தியதைத் தப்பென்று எந்த அதிகாரி சொல்வார்?

"ரெண்டும் சரிதாம்மா."

"அப்ப என் படியிலயே அளந்து போடு, நைனா," என்று மார்த்தாள் கடைக்காரர் முன் பையை விரித்தாள். அரிசி வாங்க வந்து பின்னால் நின்ற ஏழு பெண்களும் அந்தப் படியிலேயே கேட்டார்கள்.