பொழி முறிகிற படம்

செல்லபாய் டீச்சருக்கு மனுஷ முகங்களைப் படம்பிடிக்கத் துளியும் ஆசை கிடையாது. கடலும் பாறையும் வானமும் போதும். ஊர் விடுமா? மணவாளக்குறிச்சிக் கரையில் அவள் பெட்டிக் கேமராவோடு நின்றால் போதும், கல்யாண வேட்டியைத் தேடி உடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக எதிரே வந்து நின்றுவிடுவார்கள். "கொஞ்சம் மாறி நில்லுங்க" என்று கெஞ்சுவாள். பிறகு விரட்டுவாள். திமிர்பிடித்தவள் என்று பேர் வாங்கினாள். அந்தப் பேரால் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை.

சீமைக்குத் திரும்பிய மிஷன் அம்மா ஒருத்தி 1926இல் கொடுத்துவிட்டுப் போன கேமரா அது. அன்றுமுதல் ஒரு படத்தின்மேல் அவளுக்குப் பித்து. கோடையில் வள்ளியாற்றின் வாயைக் கடல் மணலால் அடைத்துவிடும். ஆனி மழையில் ஆறு பெருகி, அந்த மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். பொழி முறிவது என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்தக் காட்சி.

மதராஸிலிருந்து தபாலில் வந்த முதல் பிலிம் ஈரத்தில் பூசணம் பிடித்துப் போனது. செல்லபாய் யோசித்தாள். பலாக்கொட்டையை உலர்ந்த மணலில் புதைத்துவைத்தால் வருஷம் முழுக்கக் கெடாது; ஊரில் எந்த அடுக்களையிலும் அப்படி ஒரு பானை உண்டு. கடற்கரையின் கறுப்பு மணலிலேயே நல்லதாகப் பார்த்து அள்ளி, பானையில் நிரப்பி, பிலிம் டப்பாவை அதற்குள் புதைத்தாள். பூசணம் நின்றது. ஆனால் மூன்று வருஷம் எடுத்த மூன்று பொழிப் படங்களும் வெறும் புகைமூட்டமாக வந்தன.

கணவர் சுந்தரராஜ், சபையின் உபதேசியார், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏட்டி, இந்த வருஷம் எடுக்க படமும் பொகையாப் போச்சுன்னா, கேமராவ யாருக்காவது குடுத்துரணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் செல்லபாய்.

கையில் இருந்தது ஒரே பிலிம். மழை பிடித்துவிட்டது. பிலிம் கழுவுகிற தண்ணீரை மாற்றியாயிற்று, மருந்துப்பொடியை மாற்றியாயிற்று, இருட்டறையையும் மாற்றியாயிற்று. மாறாதது அந்தப் பானை ஒன்றுதான். அவள் கேமராவைத் தொடவே இல்லை. அறைக்கதவின் இடுக்கெல்லாம் துணி அடைத்து, பிலிமைப் பானையிலிருந்து எடுத்து நேரே மருந்தில் போட்டாள். வெளிச்சமே காணாத பிலிம் கண்ணாடிபோலத் தெளிந்து வரவேண்டும்; இதுவோ முழுக்கக் கறுத்து வந்தது.

அந்த மணலில் கலந்திருக்கிற தாதுவின் கதிர்வீச்சு டப்பாவைத் துளைத்துக்கொண்டு போகும் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? மணல்தான் சத்துரு என்பதுமட்டும் தெரிந்துவிட்டது. பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலிலேயே கொட்டினாள்.

அந்த வாரமே பொழி முறிந்தது. கையில் பிலிம் இல்லை. மழையில் நனைந்துகொண்டு பார்த்தாள், பார்த்து அழுதாள்.

வீட்டில் உபதேசியார் கேமராவைத் துணியில் பொதிந்துவைத்திருந்தார். "வாக்கு வாக்குதாம்லா?"

"படம் எடுத்துக் கெட்டாத்தானே வாக்கு? நான் படமே எடுக்கல்லியே," என்று கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். வேதம் படித்த மனுஷர் பொதிந்த துணியை மடித்துவைத்தார்.

மறுவருஷப் பிலிமை, கடலும் கறுப்பு மணலும் எட்டாத நெய்யூரில் அக்காள் ஞானபாயின் அலமாரியில் வைத்தாள். ஆனியில் ஆறு கலங்கி ஏறியது. அவளுக்கோ பள்ளிக்கூடத்தில் பரீட்சை. உபதேசியாரே நெய்யூருக்கு நடந்தார். பிலிமை மடியில் கட்டி, குடையைத் தலைக்குப் பிடிக்காமல் மடிக்குப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

படம் வந்தது. உடைகிற மணலும், கலங்கிய ஆறும், அதை வாங்குகிற கடலும் துல்லியமாகத் தெரிந்தன. ஆள் ஒருவர் இல்லை. உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜெயிச்சிட்டியே!"

செல்லபாய் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள்.

"கடல் கொஞ்சம் சரிஞ்சு நிக்கி," என்றாள். "அடுத்த வருஷம் மறுபடியும் எடுக்கணும்."